ஆசிரியர் இறந்துவிட்டார், பட்டாதாரர் இருக்கிறார்: நெய்வேலியில் நின்று பின்நவீனத்துவத்தை வாசித்தல்

நெய்வேலியின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிவந்தது. நிலவியலாளர்கள் வந்து பார்த்துப் பழுப்பு நிலக்கரி என்றார்கள். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் ஒத்துழைப்போடு கட்டப்பட்ட அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. தமிழ்நாட்டின் விளக்குகள் எரிந்தன.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் தேதி உண்டு, கோப்பு உண்டு. ஆனால் இந்த ஏழெட்டு வரிகளில் ஒரு பெண்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்தவர், ஆய்ந்தவர், தொடங்கி வைத்தவர், தோண்டியவர் எல்லோரும் ஆண்கள். நிலம் மட்டும் 'தாய்' என்று அழைக்கப்படுவதுண்டு.

இப்படிப்பட்ட கதைக்குப் பின்நவீனத்துவம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: பெருங்கதையாடல். அந்தப் பெயரும், அதோடு தமிழுக்கு வந்த பிரதி, கட்டுடைப்பு, விளிம்பு, ஆசிரியரின் மரணம் போன்ற சொற்களும் பெண்களுக்கு என்ன தந்தன, எதைத் தரவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பின்நவீனத்துவத்தைப் பாரிஸிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நாம் நெய்வேலியில் நின்றுகொண்டு பாரிஸைப் பார்ப்போம்.

அரசுக்கு எழுதிய அறிக்கை

பின்நவீனத்துவத்தின் மூல நூல்களில் ஒன்றாகக் கருதப்படும் லியோதாரின் 'பின்நவீன நிலை' 1979இல் வெளிவந்தது. கனடாவின் கியூபெக் மாநிலப் பல்கலைக்கழகக் குழு கேட்டுக்கொண்டதற்கு இணங்க, வளர்ந்த சமூகங்களில் அறிவின் நிலை என்ன என்பது பற்றி எழுதப்பட்ட அறிக்கை அது. முன்னேற்றம், விடுதலை, அறிவியலின் வெற்றி என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துச் சொல்லும் பெருங்கதைகளின் மேல் இருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்பது லியோதாரின் வாதம்.

நெய்வேலி அப்படியொரு பெருங்கதைக்குக் கட்டிய ஊர். எண்ணிட்ட வட்டங்கள், நேரான சாலைகள், இருபுறமும் மரங்கள், பதவிக்கு ஏற்ற அளவில் குடியிருப்பு, பள்ளிகள், மருத்துவமனை. 'பிளாக்' என்பதை 'வட்டம்' என்று தமிழாக்கி, வட்ட எண்ணைச் சொல்லியே முகவரி கேட்கும் ஊர் இது. பழைய ஊர்களில் தெருவின் பெயரே சாதியைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே எண் மட்டும்தான். பழையதை அழித்துவிட்டுப் புதிய மனிதரை உருவாக்கலாம் என்ற 1950களின் கனவை ஒரு வரைபடமாகப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலி நகரியத்தைப் பார்க்கலாம்.

அந்தக் கனவைக் கேலி செய்வது எளிது. பெண்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். குழாயில் தண்ணீர் வந்தால் யாருடைய இடுப்பிலிருந்து குடம் இறங்குகிறது? பள்ளி பக்கத்தில் இருந்தால் யாருடைய படிப்பு நிற்காமல் தொடர்கிறது? நவீனத்துவம் பெண்களுக்குக் கொடுத்த இவற்றை விமர்சனத்தின் வேகத்தில் மறப்பது நேர்மையாகாது. ஆயினும் அந்த வரைபடத்துக்குள்ளும் குடியிருப்பு ஊழியரின் பெயருக்குத்தான் ஒதுக்கப்படும். ஊழியர் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டை முப்பது வருடம் பெருக்கி, மெழுகி, முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டு வளர்த்தவளுடைய பெயர் ஒதுக்கீட்டு ஆணையில் இருக்காது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' பெரிய வீடு ஒன்றில் சமையலறை எங்கே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் அதிகாரத்தைக் காட்டிவிடுகிறது. கட்டட வரைபடமும் ஒரு பிரதிதான் என்று கோட்பாட்டாளர்கள் நீட்டி முழக்குவதை, சமைப்பவள் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கதை சொல்லிவிடுகிறது.

வரைபடத்துக்கு அடியில் இன்னொரு வரைபடம் இருக்கிறது. நகரியத்துக்குள் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடியும் பால்குடமும் வந்து குவிகின்றன. எண்களால் ஆன ஊருக்குள் ஒரு பழைய ஊரின் பெயர் சாமியைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. ஒரு பிரதியை முழுவதுமாக அழித்து எழுத முடியாது, பழைய எழுத்து எங்காவது ஓரத்தில் தெரியும் என்று பின்நவீனத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

'குடும்பம்' என்ற சொல்

கட்டுடைப்பு என்பது புரியாத மொழியில் எழுதுவதல்ல. ஒரு பிரதியில் இயல்பானதாகத் தோன்றும் சொல்லை எடுத்து, அது எதை விலக்கி வைத்துத் தன் பொருளைப் பெறுகிறது என்று கேட்பது. நெய்வேலிக்கு அந்தச் சொல் 'குடும்பம்'.

1956இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவானது. அந்தச் சட்டம் விதவைகளுக்கும் மகள்களுக்கும் சில உரிமைகளைத் தந்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே கிடைத்த பங்கு மகளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் அது மாறுவதற்கு 1989 மார்ச் 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அந்தத் தேதிக்கு முன் மணமாகிப் போன பெண்களுக்குப் பொருந்தாது. இந்திய அளவில் 2005இல்தான் மாறியது.

ஆகவே நெய்வேலிக்காக நிலம் எடுக்கப்பட்ட முதல் முப்பதாண்டுகளில், சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தின் ஆள் யார்? பட்டாதாரர். பட்டா பெரும்பாலும் தாத்தாவின், தகப்பனின், கணவனின், அண்ணன் தம்பியின் பெயரில் இருந்தது. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தில் உரிமை உடையவரைப் பார்த்தது. நாற்று நட்டவள், களையெடுத்தவள், முந்திரிக்கொட்டை பொறுக்கியவள், மாட்டுக்குப் புல்லறுத்தவள் அந்த நிலத்தோடு கொண்டிருந்த உறவுக்குச் சட்டத்தில் சொல்லே இல்லை. கூலிக்குப் போன தலித் பெண்ணுக்கு இரண்டு வகையில் இல்லை. பட்டா வைத்திருக்கும் சாதியும் அவளுடையதல்ல, பட்டா வைத்திருக்கும் பாலும் அவளுடையதல்ல.

2013இல் வந்த புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில்தான் விதவைகள், மணமுறிவு பெற்றவர்கள், குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோரைத் தனிக் குடும்பமாகக் கொள்ள வேண்டும் என்ற வரி வந்தது. எடுக்கப்படும் நிலத்தையே மூன்றாண்டுகளாக முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்த விவசாயக் கூலிகளின் குடும்பங்களும் பாதிக்கப்பட்டவர்களில் சேர்ந்தன. ஒரு சொல்லின் வரையறை மாறினால் எத்தனை பேர் இருப்புக்குள் வருகிறார்கள் என்று பாருங்கள். மொழி உலகத்தை வெறுமனே காட்டவில்லை, அதை உண்டாக்கவும் செய்கிறது என்று பின்நவீனத்துவம் சொல்லும்போது சிலருக்கு அது அறிவுஜீவிகளின் விளையாட்டாகத் தெரியும். வரையறைக்கு வெளியே அறுபதாண்டுகள் நின்றவர்களுக்கு அது விளையாட்டல்ல.

தமிழுக்கு வந்த வழி

அனல்மின் நிலையத்தின் முதல் மின்சாரத்துக்கும் தமிழில் இந்தச் சொற்கள் புழங்கத் தொடங்கியதற்கும் இடையே இருபது ஆண்டுகள். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வெளிவந்தது. 1985இல் அவருடைய நாவல் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' வந்தது. யதார்த்தவாதமே நாவலின் ஒரே வழியல்ல என்ற பேச்சு அப்போது வலுப்பெற்றது. 1989இல் சாரு நிவேதிதாவின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசமும் ஃபேன்சி பனியனும்'. 1990களில் ரமேஷ்-பிரேம் இணைந்து எழுதியவை. 1998இல் 'ஜீரோ டிகிரி'. 1999இல் எம்.ஜி. சுரேஷின் 'அட்லாண்டிஸ் மனிதன் மற்றும் சிலருடன்'. இன்னொரு பக்கம் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய 'நிறப்பிரிகை' கோட்பாட்டைச் சாதி, தேசியம், மதம், குடும்பம் பற்றிய கேள்விகளாக மாற்றியது. தலித் இலக்கியம் பற்றிய விவாதத்துக்கு அது பெரிய மேடையாக இருந்தது.

இந்த வரலாற்றை எழுதும்போதும் நெய்வேலிக் கதையில் நேர்ந்ததே நேர்கிறது. மேலே உள்ள பெயர்களை மறுபடி படியுங்கள். எல்லோரும் ஆண்கள். மையத்தைக் கலைக்க வந்த இயக்கத்துக்கும் ஒரு மையம் இருந்தது. சிற்றிதழ் உலகம் மாலை நேரத்தில், டீக்கடையில், மொட்டை மாடியில், இரவுப் பேருந்தில் இயங்கிய உலகம். அந்த நேரமும் அந்த இடமும் எந்தப் பெண்ணுக்கு வாய்த்தன? கோட்பாட்டு நூலைப் படிக்க ஓய்வு வேண்டும். கோட்பாட்டை வாதிட இரவு பத்து மணிக்கு வெளியே இருக்கும் சுதந்திரம் வேண்டும். 1998 முதல் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடந்து வருகிறது. சிற்றிதழ்களின் சிறிய வட்டத்துக்குள் சுற்றிய நூல்கள் குடும்பத்தோடு வரும் பெண்களின், மாணவிகளின் கைக்கும் எட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. வாசகியின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய கண்காட்சிகளுக்குச் சிற்றிதழ்களுக்கு நிகரான இடம் தர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒழுக்கத்தை மீறுவதைக் கலகம் என்று கொண்டாடிய எழுத்துகள் பலவற்றில் அந்த மீறல் நிகழ்ந்த இடம் பெண்ணுடல். மீறியவன் கதைசொல்லி. மீறப்பட்டவளுக்குக் குரல் இல்லை. வடிவம் சிதறியிருந்தது, காலவரிசை குலைந்திருந்தது, ஆனால் பார்க்கும் கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது. வடிவத்தை உடைத்தாலே அதிகாரம் உடைந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதை இந்த எழுத்துகள் நமக்குக் கற்றுத் தந்தன.

இறந்தது யார்?

ஆசிரியரின் மரணம் பற்றி ரோலண் பார்த் 1967இல் எழுதினார். பிரதியின் பொருளுக்கு அதை எழுதியவர் எசமானர் அல்ல, வாசிப்பில்தான் பொருள் பிறக்கிறது என்பது அதன் சாரம். எழுத்தாளரைக் கடவுளாக வணங்கிய மரபுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் தமிழில் இந்தச் செய்தி பரவிய காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1989இல் சிவகாமியின் 'பழையன கழிதலும்'. 1992இல் பாமாவின் 'கருக்கு'. 2000க்குப் பின் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி, குட்டி ரேவதி ஆகியோரின் கவிதைத் தொகுப்புகள் பரவலாக விவாதிக்கப்பட்டன. பெண்கள், அதிலும் தலித் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும், ஆசிரியர் என்ற இடத்துக்கு வரும் வேளையில்தான் அந்த இடமே இல்லை என்று அறிவிப்பு வருகிறது. அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் நான்சி ஹார்ட்சாக் இதே ஐயத்தை எழுப்பினார்: ஒடுக்கப்பட்டவர்கள் தம் பெயரில் பேசத் தொடங்கும் நேரத்தில் பார்த்துத் தன்னிலை என்பதே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுவது தற்செயலா?

தமிழில் இந்த ஐயத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. அம்பை, பாமா, சல்மா மூன்றுமே புனைபெயர்கள். சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியவர். இவர்களுக்கு ஆசிரியர் என்பவர் ஏற்கெனவே சிம்மாசனத்தில் இருந்து இறக்கப்பட வேண்டியவர் அல்ல. பெயர் வைத்து, மறைத்து வளர்த்து, உயிரோடு கொண்டுவர வேண்டியவர். பிறக்காத ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடத்த முடியாது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஆசிரியர் இறந்துவிட்டார் என்ற விதி பெண்களுக்கு நடைமுறைப்படுத்தப்படவே இல்லை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது தலைப்புக்கே கண்டனங்கள் எழுந்தன. பெண் கவிஞர்களின் கவிதைகளில் வரும் 'நான்' அவர்களே என்று கொள்ளப்பட்டது. அவர்களுடைய உடலும் ஒழுக்கமும் குடும்பமும் விசாரிக்கப்பட்டன. ஆண் எழுதினால் பிரதி, பெண் எழுதினால் வாக்குமூலம். ஆக, கோட்பாடு தவறு என்பதல்ல நம் வழக்கு. அது எல்லோருக்கும் சமமாக வழங்கப்படவில்லை என்பதே. பெண்ணுக்கு இரண்டும் வேண்டும்: தன் பெயரில் கையெழுத்திடும் உரிமையும், கையெழுத்திட்டதற்காகத் தன் உடல் விசாரிக்கப்படாமல் இருக்கும் உரிமையும்.

சிவகாமி திரும்பிப் போன இடம்

இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்ட எழுத்தாகச் சிவகாமியின் 'ஆசிரியர் குறிப்பு' என்னும் பகுதியைச் சொல்வேன். பெரம்பலூரில் பிறந்து இந்திய ஆட்சிப் பணியில் இருந்த சிவகாமி, 1989இல் 'பழையன கழிதலும்' நாவலை வெளியிட்டார். சாதி இந்து நிலவுடைமையாளரோடு ஏற்பட்ட உறவின் காரணமாக அடித்து விரட்டப்படும் தங்கம் என்ற தலித் விதவை, காத்தமுத்து என்ற தலித் தலைவரின் வீட்டில் அடைக்கலம் தேடி வருகிறாள். அவளுக்காக வழக்காடும் அதே தலைவர் பின்னர் அவளையும் தன் உடைமையாக்கிக்கொள்கிறார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் படிக்கும் மகள் கௌரி. சாதியை எதிர்க்கும் ஆணும் ஆண்தான் என்று சொன்ன இந்த நாவல் சங்கடத்தைக் கிளப்பியது. சொந்தச் சமூகத்தின் தலைவரை இப்படிக் காட்டலாமா என்ற கேள்வி எழுந்தது.

சில ஆண்டுகள் கழித்துச் சிவகாமி அந்த நாவலுக்குள்ளேயே திரும்பிப் போனார். 'ஆசிரியர் குறிப்பு' முன்னுரையோ விளக்கவுரையோ அல்ல, அதுவும் புனைவுதான். நாவலை எழுதியவள் தன் ஊருக்குப் போகிறாள். தான் எழுதியதைத் தானே குறுக்கு விசாரணை செய்கிறாள். எதை விட்டேன், எதைக் கூட்டினேன், தகப்பனைப் போன்ற ஒருவரை அப்படி வரைந்ததில் நியாயம் எவ்வளவு, கோபம் எவ்வளவு? நாவல் நிஜத்தின் கண்ணாடி என்ற பாவனை இங்கே கலைகிறது. பின்னர் இரண்டையும் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2006இல் அவை ஒரே நூலாக வந்தன.

கோட்பாட்டு மொழியில் இதை மீபுனைவு என்பார்கள். தமிழில் மீபுனைவு என்றதும் நினைவுக்கு வரும் பட்டியலில் இந்த நூல் பல நேரம் இடம்பெறுவதில்லை. அதைத் 'தலித் இலக்கியம்' என்ற அலமாரியில் வைத்துவிட்டார்கள். அனுபவம் தலித் பெண்ணுக்கு, வடிவம் பற்றிய சிந்தனை மற்றவர்களுக்கு என்ற பழைய வேலைப்பிரிவினை அலமாரியிலும் நடக்கிறது.

ஆண்கள் எழுதிய மீபுனைவுகள் பலவற்றில் ஆசிரியர் கதைக்குள் நுழைவது ஒரு விளையாட்டு. தான் எத்தனை புத்திசாலி என்று காட்டும் வித்தை. சிவகாமியிடம் அது பொறுப்பேற்பு. நான் எழுதியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்ற கேள்வி. உண்மை ஒற்றையானது அல்ல என்று ஒப்புக்கொள்வதால் அவர் தன் வழக்கைக் கைவிடவில்லை. தங்கம் அடிபட்டது உண்மை. அதைச் சொன்னவளுக்கும் ஒரு இடம், ஒரு சாய்வு, ஒரு வசதி இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பெண்ணியம் பின்நவீனத்துவத்திடமிருந்து எடுத்துக்கொள்ளவும் அதற்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியது இதுவே.

பெயர் வைக்காமல் செய்தவர்கள்

பின்நவீனத்துவம் என்ற முத்திரையைத் தாங்களே குத்திக்கொள்ளாமல் அதன் வேலையைச் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமாவின் 'கருக்கு' தன்வரலாறா நாவலா என்ற கேள்விக்குப் பிடிகொடுக்காத நூல். காலவரிசையில் நடக்காமல், பேச்சுத் தமிழில், சுற்றிச் சுற்றி வந்து பேசுகிறது. அம்பையின் 'அடவி' கதையில் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகும் செந்திருவும், தன் கதையைத் தானே எழுதும் சீதையும் சந்திக்கிறார்கள். காவியத்தின் ஆசிரியர் இறந்தால் காவியத்தின் நாயகி எழுத உட்காருவாள் என்பதை அந்தக் கதை காட்டுகிறது. 2004இல் வந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ஒற்றை நாயகி இல்லை. வீடுகளுக்குள்ளே பல பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மையமற்ற கதைசொல்லல் என்று கோட்பாடு புகழ்வது, பெண்கள் கூடி உட்கார்ந்து பேசும் பின்கட்டில் என்றைக்கும் இருந்த வழக்கம்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள நடுநாட்டு எழுத்துக்கு வந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதன் நாயகி ஆரோக்கியம், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண். கண்மணி குணசேகரன் 'அஞ்சலை' நாவலில் ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்வை அந்த மண்ணின் பேச்சிலேயே எழுதினார். அதே மண்ணின் சொற்களைத் தொகுத்து 'நடுநாட்டுச் சொல்லகராதி'யும் செய்தார். விருத்தாசலம் பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றிய சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில், கப்பலேறிப் போன கணவன் திரும்பாத நிலையில் மூன்று பெண்மக்களோடு பிழைக்கும் ஒருத்தியின் கதை.

இவை யதார்த்தவாத நாவல்கள். யதார்த்தவாதம் முடிந்துவிட்டது என்று கோட்பாட்டாளர்கள் அறிவித்த பிறகு எழுதப்பட்டவையே இவற்றில் பெரும்பாலானவை. இவை காலத்தால் பின்தங்கியவையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு முறையாவது எழுதப்பட்டவர்களுக்குத்தான் எழுத்து முறை சலித்துப்போகும். ஆரோக்கியத்தைப் போன்ற ஒருத்தியின் ஒரு நாள் எப்படி விடிந்து எப்படி அடைகிறது என்று தமிழ் நாவல் அதற்கு முன் எத்தனை முறை எழுதியிருந்தது? அகராதியில் ஏறாத சொற்களால் பேசுகிறவர்களுக்கு, உள்ளது உள்ளபடி எழுதுவதே மையத்தைக் குலைக்கும் செயல். வடிவத்தின் முற்போக்கை வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, யார் எழுதப்படுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் கதைதானா?

கடைசியாக, பின்நவீனத்துவத்தின் ஆபத்தான முனைக்கு வருவோம். எல்லாம் கதையாடல்தான், உண்மை என்று ஒன்று இல்லை, உன் கதை உனக்கு, என் கதை எனக்கு என்று அதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. கருத்தரங்கில் இது கவர்ச்சியாக இருக்கும். வயலில் இருக்காது.

2023 ஜூலையில் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தையொட்டிப் பரவனாற்றை மாற்றுவழியில் திருப்பும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் கதிர் விடும் நிலையில் நின்ற நெற்பயிருக்குள் மண்ணள்ளும் இயந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் தரப்பு. பயிர் நின்றது என்பது விவசாயிகளின் தரப்பு. இவை சமமான இரண்டு கதைகள் என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியுமா? பயிர் நின்றது. அதை நட்டவர்கள் இருந்தார்கள். நடவு என்பது நம் ஊர்களில் பெண்களின் வேலை. ஏக்கர் கணக்கில் வரும் இழப்பீடு நிலத்துக்காரருக்குப் போகும். நட்ட கைக்கு என்ன கணக்கு? இங்கே நமக்குக் கட்டுடைப்பும் வேண்டும், சான்றும் வேண்டும். 'குடும்பம்', 'பாதிக்கப்பட்டவர்' போன்ற சொற்களை உடைத்துப் பார்க்கக் கோட்பாடு உதவும். ஆனால் இன்ன வயலில் இத்தனை வருடம் நட்டேன் என்று ஒருத்தி நிரூபிக்க வேண்டிவரும்போது, உண்மை என்ற சொல்லை அவள் கையிலிருந்து பிடுங்குகிற கோட்பாடு பட்டாதாரருக்குத்தான் சாதகமாக முடியும்.

சுரங்கத்தில் நிலக்கரியை எடுப்பதற்கு முன் அதன் மேல் கிடக்கும் மண்ணையெல்லாம் பல மீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி அப்புறப்படுத்துவார்கள். படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுரங்கப் பொறியியலுக்கு அந்த மேல்மண் ஒரு சுமை, அந்த நீர் ஒரு தொல்லை. விவசாயம் செய்பவளுக்கு அந்த இரண்டும்தான் வாழ்க்கை. எது சரக்கு, எது கழிவு என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைத்தான் டொனா ஹாரவே 1988இல் எழுதிய கட்டுரையில் 'இடம் சார்ந்த அறிவு' என்று விளக்கினார். எங்கிருந்தும் பார்க்காத பார்வை என்று ஒன்று இல்லை. அதனால் எல்லாப் பார்வையும் ஒன்றே என்றும் ஆகிவிடாது. நின்ற இடத்தைச் சொல்லிவிட்டுப் பேசுகிறவரிடமே நம்பகமான அறிவு பிறக்கும் என்பது அவருடைய வாதம். சிவகாமி புனைவில் செய்ததற்கு இது பக்கத்தில் வருகிறது.

வரலாற்றில் பெண்களின் உழைப்பு நெடுங்காலம் மேல்மண்ணாகவே அள்ளிக் கொட்டப்பட்டது. அதைத் திரும்ப அள்ளும் வேலையைக் கோட்பாட்டுக்குக் காத்திராமல் தொடங்கியவர்கள் நமக்கு உண்டு. 'கரிப்பு மணிகள்' எழுத உப்பளத் தொழிலாளர்களிடையே போய் விவரம் சேர்த்த ராஜம் கிருஷ்ணன், 'பாதையில் பதிந்த அடிகள்' நூலில் மணலூர் மணியம்மையின் மறக்கப்பட்ட வாழ்வை மீட்டெடுத்தார். பெண்களின் குரலையும் படங்களையும் சேமிக்க 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அம்பை. ஒருவர் நாவலாசிரியர், ஒருவர் சிறுகதையாசிரியர். இருவருமே புனைவின் வேலையையும் ஆவணத்தின் வேலையையும் தனித்தனிக் கட்சிகளாகப் பார்க்கவில்லை.

நெய்வேலியைச் சுற்றி நிலம் இழந்து இடம் மாறிய முதல் தலைமுறையின் பெண்கள் இப்போது மிக மூத்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் சிலர் குறைந்துகொண்டே வருகிறார்கள். பின்நவீனத்துவம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவி, மேற்கோள் பட்டியலை இன்னும் ஒரு பக்கம் நீட்டுவதற்கு முன் மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ இறங்கி, அப்படி ஒரு பாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உங்கள் ஊரின் பெயர் என்ன? நிலம் யார் பேரில் இருந்தது? பதிலை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். தேதியும், கேட்டவர் யார் என்பதும் அதோடு இருக்கட்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரும் இருக்கட்டும்.